டிசம்பர் ஒன்றாம் தேதிக்கு முன்னால்

ஆகஸ்ட் பிறந்தால் எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். மதுரையிலிருந்து, கோவையிலிருந்து, சென்னையிலிருந்து, சில சமயம் யாழ்ப்பாணத்திலிருந்தும். "மேடம், எம்.எஸ்ஸி. சைக்காலஜியில் 82 சதவீதம் எடுத்திருக்கிறேன். அமெரிக்காவில் பி.எச்.டி. கிடைக்குமா?" என்று கேட்டிருப்பார்கள். அந்த 82-ஐ மட்டும் வைத்துக்கொண்டு என்னால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், கிளினிகல் சைக்காலஜி துறையில் நான் வேலை பார்த்தேன். 19 ஆண்டுகள் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்தேன். அதில் பிடிபட்டதையும், கேட்ட பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகச் சொல்லி வந்ததையும் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. எந்தப் படிப்புக்குப் போகிறோம் என்று முதலில் தெளிவாகுங்கள்.

'சைக்காலஜி' என்ற ஒரே பலகைக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கின்றன. கிளினிகல், கவுன்சலிங், பள்ளி உளவியல், சமூக உளவியல், குழந்தை வளர்ச்சி, அறிதல் உளவியல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சேர்க்கை, தனிக் குழு. வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை கிளினிகல் வேண்டும் என்றுதான் சொல்கின்றன. போட்டி மிகக் கடுமையான இடமும் அதுதான்.

கிளினிகல் பி.எச்.டி.யின் இன்றைய வடிவம் 1949-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிய மாநாட்டில் உருவானது. ஒரே ஆள் ஆராய்ச்சியாளராகவும் சிகிச்சையாளராகவும் பயிற்சி பெற வேண்டும் என்று அங்கே முடிவெடுத்தார்கள். 1973-இல் அதே மாநிலத்தின் வெய்ல் நகரில் நடந்த மாநாடு, சிகிச்சையை முன்னிறுத்தும் சை.டி. என்ற பட்டத்துக்கு வழி திறந்தது. இரண்டில் எது படித்தாலும் சைக்காலஜிஸ்ட் லைசென்ஸ் வாங்கலாம். ஆனால் பி.எச்.டி. என்றால் பெரும்பாலும் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி, மாத உதவித்தொகையும் வரும். சை.டி.யில் பெரும்பாலும் கைக்காசுதான், அல்லது கடன்.

ஆகவே உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். 5 முதல் 7 ஆண்டுகள் தரவும் புள்ளியியலும் கட்டுரைகளுமாக வாழ்வதில் உங்களுக்கு விருப்பம் உண்டா? "எனக்கு ஆராய்ச்சி வேண்டாம், மனிதர்களோடு உட்கார்ந்து பேசி உதவ வேண்டும், அவ்வளவுதான்" என்று மனம் சொன்னால், அது குறைவான ஆசை இல்லை. அதற்குக் கவுன்சலிங் முதுகலை, சமூகப்பணி முதுகலை என்று நேரான, குறுகிய வழிகள் இருக்கின்றன. சிகிச்சை செய்யும் ஆசையை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே ஆராய்ச்சி ஆசையைக் காட்டி எழுதினால், மூன்றாம் பத்தியிலேயே குழுவுக்குத் தெரிந்துவிடும். எப்படியோ சேர்ந்துவிட்டாலும், இரண்டாம் ஆண்டில் அந்தப் பிள்ளை படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காது.

2. பல்கலைக்கழகத்தைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள்.

ஊரில் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். நம் ஊர்ச் சேர்க்கையில் கல்லூரி பெரிது, ஆசிரியர் யார் என்பது சேர்ந்த பிறகுதான் தெரியும். அமெரிக்க உளவியல் பி.எச்.டி. பெரும்பாலான இடங்களில் இதற்கு நேர் எதிர். ஒரு பேராசிரியர் தன் லேபுக்கு ஓர் ஆண்டில் ஒரே ஒரு மாணவரைத்தான் எடுப்பார். பல ஆண்டுகளில் எடுக்கவே மாட்டார். ஒரு சாதாரணக் கிளினிகல் துறைக்கே 300, 400 விண்ணப்பங்கள் வரும். சேர்ப்பது 6 பேர் அல்லது 8 பேர். அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்கள் போட்டி அந்த 400 பேரோடு கிடையாது. நீங்கள் பெயர் குறிப்பிட்ட பேராசிரியரின் பெயரையே எழுதிய மற்ற 40, 50 பேரோடுதான்.

அந்தப் பேராசிரியர் உங்கள் கோப்பில் தேடுவது பொருத்தம். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள் பெண் நல்லவளா, பையன் நல்லவனா என்பதோடு நிற்பதில்லை, இருவருக்கும் சேருமா என்று பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். மிகச் சிறந்த விண்ணப்பம் ஒன்றை, "பிரமாதமான பையன், ஆனால் இவன் கேட்கிற கேள்விக்கு நம் துறையில் ஆளில்லை" என்று நாங்களே ஒதுக்கி வைத்திருக்கிறோம். பல முறை.

எனவே பட்டியல் போடும்போது தரவரிசையிலிருந்து தொடங்காதீர்கள். உங்களை ஈர்த்த ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, அவற்றை எழுதியவர்கள் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்டதை கூகுள் ஸ்காலரில் தேடிப் படியுங்கள். பத்தாண்டுக்கு முன் செய்த ஆய்வைப் புகழ்ந்து எழுதுவீர்கள், அவரோ அதை விட்டு வேறு பக்கம் போயிருப்பார். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதி யாருக்குக் கிடைத்திருக்கிறது என்பதை 'ரிப்போர்ட்டர்' என்ற அவர்களின் பொதுத் தரவுத்தளத்தில் யாரும் பார்க்கலாம். ஓடுகிற திட்டம் ஒன்று கையில் இருக்கும் பேராசிரியருக்கு மாணவரும் தேவைப்படுவார்.

அமெரிக்க உளவியல் சங்கமான ஏ.பி.ஏ.யின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு துறையும் தன் விவரங்களை இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். எத்தனை பேரைச் சேர்த்தார்கள், முடிக்க எத்தனை ஆண்டு ஆனது, எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது, எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். விளம்பரப் பக்கத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தைப் படியுங்கள். சேயட், நார்கிராஸ் இருவரும் எழுதிய வழிகாட்டி நூல் ஒன்றும் உண்டு. துறை சிகிச்சைப் பக்கம் சாய்ந்ததா, ஆராய்ச்சிப் பக்கம் சாய்ந்ததா என்பதற்கு 1 முதல் 7 வரை ஓர் எண்ணை அதில் பார்க்கலாம். நூலகத்தில் பழைய பதிப்பு கிடைத்தாலும் எடுத்துப் பாருங்கள்.

3. உங்களுக்கென்று ஒரு கேள்வி வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பெண் எழுதினாள். பெயர் வேண்டாம். விண்ணப்பத்தோடு சேர்க்கும் நோக்க அறிக்கையான எஸ்.ஓ.பி.க்கு அவள் அனுப்பிய வரைவு, சிறு வயதிலிருந்தே மனித மனத்தின் ஆழம் தன்னைக் கவர்ந்தது என்று தொடங்கியது. பிறகு மனநலத்தின் முக்கியத்துவம், இந்தியாவில் அதைச் சுற்றியுள்ள கூச்சம், சேவை செய்யும் ஆவல் என்று இரண்டு பக்கம். எதுவும் பொய் இல்லை. ஆனால் நூறு பேர் எழுதக்கூடியது.

போனில் பேசும்போது வேறு ஏதோ சொல்ல வந்தவள், முதியோர் இல்லத்தில் கேள்வித்தாள் நிரப்பப் போன கதையைச் சொன்னாள். ஒரு கல்லூரிக் குழுவுக்காகச் செய்த வேலை. மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் பி.எச்.கியூ-9 என்ற கேள்வித்தாளை அந்தக் குழு தமிழில் பெயர்த்து வைத்திருந்தது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டியவர் என்று பொதுவாக வைத்துக்கொள்வார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியிடம், கடந்த இரண்டு வாரங்களில் சில நாட்களா, பாதி நாட்களுக்கு மேலா என்று இவள் கேட்டிருக்கிறாள். "பாதி நாளுன்னா என்ன தாயி? எனக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்" என்றாராம் பாட்டி. ஆறாவது கேள்வி, குடும்பத்துக்கு ஏமாற்றம் தந்துவிட்டோம், அவர்களைக் கைவிட்டுவிட்டோம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதைக் கேட்டதும் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் எங்க கைவிட்டேன்? அவுகல்லா என்னயக் கொண்டாந்து இங்க விட்டுட்டுப் போனாவ" என்றாராம்.

விதிப்படி அந்தக் கேள்விக்கு 0 போட்டாள். மொத்தம் 7. பட்டியலில் பாட்டி 'பரவாயில்லை' என்ற வரிசைக்குப் போய்விட்டார். ஆனால் எழுந்து வரும்போது அந்த அம்மா இவள் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்து, "இதுக்குள்ள கல்லு வச்சாப்ல இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கல்லுக்கு ஒன்பது கேள்விகளில் எங்கேயும் இடமில்லை.

"இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன். "இது ஒரு அனுபவம்தானே மேடம், ரிசர்ச் இல்லையே" என்றாள். அந்த 7-க்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில்தான் அவளுடைய ஆராய்ச்சி முழுதும் இருந்தது. ஒரு மொழியில், ஒரு வாழ்க்கை முறையில் செய்த அளவுகோல் இன்னொன்றில் அதே பொருளை அளக்கிறதா? துயரத்தை உடம்பின் வழியாகச் சொல்கிறவர்களை நம் கேள்வித்தாள்கள் தவறவிடுகின்றனவா? உளவியலில் இதற்கு அளவீட்டுச் சமநிலை என்று ஒரு துறையே உண்டு. அதில் வேலை செய்யும் பேராசிரியர்கள் உண்டு. வரைவைக் கிழித்துவிட்டு அந்தப் பாட்டியிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

உங்கள் கேள்வி இவ்வளவு கூர்மையாக இப்போதே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அது நீங்கள் நேரில் கண்ட ஏதோ ஒன்றிலிருந்து முளைத்திருக்க வேண்டும்.

4. சலிப்பூட்டும் வேலையைச் செய்து பழகுங்கள்.

அமெரிக்க மாணவர்களில் பலர் இளங்கலை முடித்த கையோடு வருவதில்லை. ஏதாவது லேபில் இரண்டு ஆண்டு ஆராய்ச்சி உதவியாளராக இருந்துவிட்டு வருகிறார்கள். பங்கேற்பாளர்களுக்கு போன் செய்வது, வராதவர்களுக்கு மறுபடி போன் செய்வது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது, காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறியிடுவது, எக்செல் தாளில் விடுபட்ட கட்டத்தைக் கண்டுபிடிப்பது என்று அவர்கள் செய்ததெல்லாம் இதுதான். குழு இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது? இதைச் செய்து பார்த்த பிறகும் "எனக்கு இது வேண்டும்" என்கிற ஆள் பாதியில் விட்டுவிட்டுப் போக மாட்டார்.

நம் ஊரிலும் இதற்கு இடமுண்டு. 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு மனச்சிதைவு நோயில் நெடுங்காலமாக ஆராய்ச்சி செய்து வருகிறது. தெருவில் விடப்பட்ட மனநோயாளிப் பெண்களுக்காக 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பும் ஆய்வுகள் நடத்துகிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. அங்கெல்லாம் திட்ட உதவியாளர் வேலைக்கு ஆள் எடுப்பதுண்டு. சம்பளம் குறைவாக இருக்கலாம். வீட்டில் "இதுக்கா படிச்சே?" என்று கேட்பார்கள். ஓர் ஆண்டாவது இருங்கள், முடிந்தால் இரண்டு. ஒரு வாரப் பயிலரங்கு, 'இன்டர்ன்ஷிப்' என்ற பெயரில் காசு கட்டி வாங்கும் சான்றிதழ் எல்லாம் சேர்ந்தாலும் இந்த ஓர் ஆண்டுக்கு ஈடாகாது.

ஒன்றை எச்சரிக்கையாகவே சொல்கிறேன். பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை வெளியிட்டுத் தரும் பத்திரிகைகளின் பக்கம் போகவே போகாதீர்கள். "மூன்று பப்ளிகேஷன் இருக்கு மேடம்" என்று பெருமையாக அனுப்புவார்கள். பத்திரிகையின் பெயரைப் பார்த்ததும் என் மனம் கனக்கும். கட்டுரை இல்லாத விண்ணப்பத்துக்குக் குழுவில் மரியாதை உண்டு. போலிப் பத்திரிகையில் கட்டுரை இருந்தால், இந்தப் பிள்ளைக்கு நல்லது கெட்டது பிரித்துச் சொல்ல யாருமில்லை என்றாவது, தெரிந்தே செய்தது என்றாவதுதான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டுமே உங்களுக்கு நல்லதில்லை.

5. புள்ளியியலைக் கண்டு ஓடாதீர்கள்.

கணக்கு வராததால் உளவியலுக்கு வந்தேன் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் பேசும்போது நான் 2015-ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்வேன். நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்து, பெயர்பெற்ற உளவியல் பத்திரிகைகளில் வந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து, முடிவை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். புள்ளியியல் அளவில் பொருட்படுத்தத்தக்க முடிவு மறுபடி கிடைத்தது சுமார் 36 சதவீத ஆய்வுகளில்தான். பாடப்புத்தகத்தில் படித்த பலதும் ஆட்டம் கண்டது. சின்ன மாதிரி, பார்த்த பிறகு மாற்றிய கருதுகோள், வந்ததை மட்டும் எழுதி வராததை மறைத்தது என்று காரணங்கள் வெளியே வந்தன. எனக்கும் அது தூக்கம் கெட்ட காலம். என் பழைய கட்டுரைகளில் ஒன்றை நானே மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இன்று ஆய்வைத் தொடங்கும் முன்பே கருதுகோளையும் பகுப்பாய்வையும் பொதுவெளியில் பதிவுசெய்வது, தரவைத் திறந்து வைப்பது எல்லாம் வழக்கமாகி வருகின்றன. இது ஏன் வந்தது என்று சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிந்த மாணவரைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை பிறக்கும். புள்ளியியலுக்கான 'ஆர்' மொழி இலவசம். உங்கள் முதுகலை ஆய்வின் தரவையே அதில் ஏற்றி, எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் வந்த விடை அதிலும் வருகிறதா என்று பாருங்கள். அங்கிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

6. மார்க்கும் ஜி.ஆர்.இ.யும்.

மார்க் நன்றாக இருந்தால் வாசலைத் தாண்டலாம். அதற்கு மேல் அதற்கு வேலையில்லை. ஒரு செமஸ்டர் சறுக்கியிருந்தால் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 2020-க்குப் பிறகு பல துறைகள் ஜி.ஆர்.இ. தேர்வைக் கைவிட்டுவிட்டன, சில விருப்பம் என்று வைத்திருக்கின்றன. ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். நம் மூன்றாண்டு இளங்கலையை மட்டும் வைத்து ஏற்காத பல்கலைக்கழகங்கள் பல. முதுகலை முடித்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

7. சிபாரிசுக் கடிதத்தை நீங்களே எழுதாதீர்கள்.

பொதுவாக மூன்று கடிதம் கேட்பார்கள். இந்தியாவில் படித்த காலத்தில் நான் மதித்த ஓர் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இரவெல்லாம் உட்கார்ந்து என்னைப் பற்றி நானே எழுதினேன். கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், பழக இனியவர். அந்த ஆண்டு எனக்கு எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. பிற்பாடு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபோதுதான் காரணம் புரிந்தது. எஸ்.ஓ.பி.யும் கடிதமும் ஒரே குரலில் பேசினால் பத்து வினாடியில் தெரிந்துவிடும். கடிதம் முழுக்க அடைமொழியாக இருந்து ஒரு சம்பவம்கூட இல்லாவிட்டால், எழுதியவருக்கு இந்த மாணவரைத் தெரியாது என்றுதான் பொருள்.

துறைத் தலைவர், டீன், குடும்பத்துக்குத் தெரிந்த பெரிய டாக்டர் என்று பதவியைப் பார்த்துப் போகாதீர்கள். உங்களோடு உட்கார்ந்து தரவு பார்த்த இளம் உதவிப் பேராசிரியர் எழுதும் ஒரு பக்கம் அதைவிடப் பெரிது. "மூன்றாவது வாரம் ஒரு பிழையை இவளே கண்டுபிடித்து, தன் தவறு என்று வந்து சொன்னாள்" என்று ஒருவர் எழுதிய வரியை இன்றும் மறக்கவில்லை. அந்த மாணவியை எடுத்தோம்.

நேரமில்லை என்று சொல்லும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள், குறிப்பு எழுதிக் கொடுங்கள். எந்த மாதம் எந்தத் திட்டத்தில் சேர்ந்தேன், என்ன செய்தேன், எங்கே தடுமாறினேன், எப்படிச் சரிசெய்தேன் என்று ஒரு பக்கம். கூடவே உங்கள் எஸ்.ஓ.பி.யும், கடைசித் தேதிகளின் பட்டியலும். பல இடங்களில் டிசம்பர் ஒன்றாக இருக்கும் அந்தத் தேதிக்கு ஆறு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

8. எஸ்.ஓ.பி.யில் சொந்தக் காயத்தை எந்த அளவு காட்டுவது?

இது எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. உளவியலுக்கு வருகிறவர்களில் பலர் ஒரு வலியிலிருந்து வருகிறார்கள். அண்ணனுக்கு மனச்சிதைவு, அம்மாவின் தற்கொலை முயற்சி, தனக்கே வந்த பீதி நோய். அந்த வலிக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் 2006-இல் ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி இருவரும் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் விண்ணப்பத்தைக் கெடுப்பவை எவை என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். தன் மனநலப் பிரச்சினையை விரிவாக எழுதுவதும் அந்தப் பட்டியலில் வந்தது. மனநோயைப் பற்றிய கூச்சத்தை ஒழிக்க வேண்டிய துறையிலேயே அந்தக் கூச்சம் இருப்பது எனக்கு வருத்தம். குழுவில் அதைப் பற்றிச் சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சண்டையை உங்கள் விண்ணப்பத்தின் தலையில் கட்ட நான் விரும்பவில்லை.

நான் சொல்வது இதுதான். காயம் உங்கள் கேள்விக்கு வழி காட்டியிருந்தால் இரண்டு வரியில் சொல்லுங்கள், மீதி இரண்டு பக்கம் கேள்வியைப் பற்றி இருக்கட்டும். "அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி மருத்துவமனைக்குப் போன மூன்று முறையும் நான் உடன் இருந்தேன். மாத்திரையை ஏன் நிறுத்துகிறார்கள் என்பதே என் கேள்வி" என்று ஒரு பையன் எழுதினான். அவன் அழவில்லை, எங்களை அழ வைக்கவும் முயலவில்லை. அடுத்த பத்தியில் மருந்து தொடர்வதைப் பற்றிய ஆய்வுகளுக்குப் போய்விட்டான்.

கடைசிப் பத்தியில் பேராசிரியரின் பெயர் வரும். அதை மாற்ற மறந்து, ஒரு பல்கலைக்கழகத்துக்கு இன்னொன்றின் பெயரோடு அனுப்புகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அனுப்பும் முன் இன்னொருவர் கண்ணில் காட்டுங்கள்.

9. பேராசிரியருக்கு மின்னஞ்சல்.

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ எழுதுங்கள். ஆறேழு வரி போதும். நான் யார், என்ன வேலை செய்கிறேன், உங்களுடைய இந்தக் கட்டுரையைப் படித்தபோது இந்தச் சந்தேகம் வந்தது, வருகிற ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா. 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி என்று போகும் நம் ஊர் மரியாதை அங்கே நூறு பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்பிய கடிதம்போலத் தெரியும். பெயரோடு 'டாக்டர்' சேர்த்தால் போதுமான மரியாதை. பதில் வராவிட்டால் மனம் உடையாதீர்கள், பலர் பதிலே போடுவதில்லை. "இந்த ஆண்டு எடுக்கவில்லை" என்று பதில் வந்தால் அதுவும் லாபம்தான். ஒரு விண்ணப்பக் கட்டணம் மிச்சம்.

10. பணமும் விசாவும்.

யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்தின் ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை, சுகாதார நிறுவனத்தின் பயிற்சி உதவித்தொகைகள் எல்லாம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. நாம் போனால் முழுச் செலவையும் துறையோ பேராசிரியரோ ஏற்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணமும் அதிகம். இதனால் சமமான இரு விண்ணப்பங்களில் நம்முடையது பின்னுக்குப் போவதுண்டு. என் கண்ணால் பார்த்தேன். உங்கள் திறமையில் குறை என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டியல் போடும்போதே, இப்போது அங்கே வெளிநாட்டு மாணவர்கள் படிக்கிறார்களா என்று லேப் பக்கங்களில் பாருங்கள். 2025-இல் அமெரிக்க மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டபோது பல பல்கலைக்கழகங்கள் பி.எச்.டி. சேர்க்கையைக் குறைத்தன. எனவே பழைய எண்களை நம்பி இருக்க வேண்டாம்.

ஒரு விண்ணப்பத்துக்குச் சுமார் 100 டாலர் ஆகும். பத்து போட்டால் வீட்டில் எவ்வளவு பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். கட்டண விலக்கு கேட்க வெட்கப்படாதீர்கள். ஊர் திரும்பிக் கிளினிகல் சைக்காலஜிஸ்டாகத் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு தேவைப்படும். வெளிநாட்டுப் பட்டத்துக்கு அவர்கள் கேட்பது என்ன என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

11. நேர்காணல்.

ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும். நமக்கு நடுராத்திரி ஜூம். முன்பே சாப்பிட்டு, தூங்கி எழுந்து உட்காருங்கள். உங்கள் முதுகலை ஆய்வை இரண்டு நிமிடத்தில், வாசலில் நிற்கும் சித்திக்குச் சொல்வதுபோலச் சொல்லிப் பழகுங்கள். "அந்த முடிவு தப்பாக இருந்தால்?" என்று கேட்டால் காத்துக்கொள்ள முயலாதீர்கள், அவரோடு சேர்ந்து யோசியுங்கள். ஐந்தாறு ஆண்டு பக்கத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய ஆளா என்றுதான் அவர் பார்க்கிறார்.

அங்கே இப்போது படிக்கும் மாணவர்களோடும் பேச வைப்பார்கள். அதுவும் நேர்காணல்தான், ஆனால் உங்களுக்கும் அது வாய்ப்பு. வரைவு கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்? உதவித்தொகையில் வாடகை போக மிஞ்சுகிறதா? கடைசியாகப் பாதியில் விட்டுப் போனவர் ஏன் போனார்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொடுமைக்கார வழிகாட்டியிடம் சிக்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெயர்பெற்ற லேப் என்பதற்காக அந்த வாழ்க்கைக்குள் போகாதீர்கள்.

இடம் கொடுத்தால், பல பல்கலைக்கழகங்கள் ஏற்றிருக்கும் பொது உடன்பாட்டின்படி ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல அவகாசம் உண்டு. அதற்கு முன் யாராவது அவசரப்படுத்தினால் பணிவாக அந்தத் தேதியைச் சொல்லுங்கள். இரண்டு இடம் கிடைத்து ஒன்றை முடிவு செய்துவிட்டால், மற்றதை அன்றைக்கே விட்டுக்கொடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இன்னொரு வீட்டுப் பிள்ளை தூங்காமல் இருக்கும்.

12. கிடைக்காவிட்டால்.

முதல் தடவையில் கிடைக்காதவர்கள்தான் அதிகம். பாளையங்கோட்டைப் பெண்ணுக்கும் முதல் ஆண்டு ஒன்பது இடத்திலும் இல்லை என்றார்கள். எஸ்.ஓ.பி. நன்றாகத்தான் இருந்தது. கேள்வி இருந்தது, அந்தக் கேள்வியை வைத்து அவள் இன்னும் எதுவும் செய்திருக்கவில்லை. அதே விண்ணப்பத்தை அடுத்த ஆண்டும் அனுப்பினால் அதே பதில்தான் வரும் என்று அவளிடம் சொன்னேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, அந்த ஆண்டு முழுக்க அந்த இல்லத்துக்கும் பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டுக்கும் போனாள். ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டி, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று 30 பேரிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வைத்தாள்.

இரண்டாவது முறை மூன்று நேர்காணல் வந்தது. ஒன்றில், ராத்திரி ஒன்றரை மணிக்கு, அந்தப் பேராசிரியர் ஆறாவது கேள்விக்குப் பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறார். இவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கள், எனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை" என்றாராம் அவர். அப்படியே நெல்லைத் தமிழில் சொன்னாள். இப்போது அவரிடம்தான் படிக்கிறாள்.

முதல் கோடை விடுமுறைக்கு ஊர் வந்தவள் அந்த இல்லத்துக்குப் போனாள். "பாதி நாளுன்னா என்ன தாயி" என்று கேட்ட அம்மா இன்னும் இருந்தார். பார்வை மட்டும் குறைந்திருந்தது. புதிதாகச் செய்து வந்த கேள்வித்தாளை முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டினாள்.